24 வாரக் குழந்தைக்கு 14 வாரம்தான் வயது

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டை. வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எனக்கு பி.பி. ஏறிவிட்டதால் 30-வது வாரத்தில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 1 கிலோ 200 கிராம். அதற்கு முன் இடுப்பில் நாலு ஊசி போட்டார்கள். 42 நாள் ஐ.சி.யு.வில் இருந்தாள். தலை ஸ்கேனில் 'முதல் நிலை ரத்தக் கசிவு' என்று எழுதியிருக்கிறது. இன்றோடு பிறந்து 24 வாரம், எடை 5 கிலோ 100. அதே வாரம் பிறந்த எதிர் வீட்டுக் குழந்தை குப்புற விழுந்து தவழப் பார்க்கிறது. இவளுக்குத் தலையே இன்னும் சரியாக நிற்கவில்லை. ஆனால் பிடித்து நிறுத்தினால் நுனிக்காலில் விறைப்பாக நிற்கிறாள். மாமியார், "காலு நல்ல பலம், சீக்கிரம் நடந்துடும், வாக்கர் வாங்கு" என்கிறார். சொட்டு மருந்து கொடுத்தால் மலம் கறுப்பாகப் போனது, நிறுத்திவிட்டோம். எடை குறைவு என்று தடுப்பூசி ஒரு தடவைதான் போட்டோம். கண் டாக்டர் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். சளி பிடித்திருந்ததால் போகவில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. நான் லாரித் தண்ணீர் பிடித்து மூன்று மாடி குடம் தூக்கியதால்தான் இப்படி ஆனதா? இவள் மற்றக் குழந்தைகள் மாதிரி வளர்வாளா? பெயர் வேண்டாம். (கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கண் டாக்டர் வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரமே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் எழுதப்போகிற மற்றவை நாலு நாள் காத்திருக்கும். இது காத்திருக்கக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். கருவில் இருக்கும்போது விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து கிளம்பி ஓரத்தை நோக்கி வளர்கின்றன. ஓரம் வரை போய்ச் சேர ஏறக்குறைய 40 வாரம் ஆகிவிடும். 30 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு அந்தப் பயணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பல குழந்தைகளுக்குச் சில வாரங்களில் அது தானாகவே தொடர்ந்து முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். 'ஆர்.ஓ.பி.' என்று உங்கள் அட்டையில் எழுதியிருப்பது இதைத்தான். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்று நம் நாட்டில் வழிமுறை இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது சரியாக நடந்திருக்கிறது. ஆனால் குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் கையெழுத்துப் போடும் வரை அந்தப் பரிசோதனை முடிந்ததாகக் கணக்கில்லை.

"என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், பல்பைப் பார்க்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி, உண்மையாகவே. பெரும்பாலும் தானாகச் சரியாகியிருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் ஒரு கண் நன்றாக இருந்து இன்னொன்று கெட்டிருந்தாலும் குழந்தை அப்படித்தான் சிரிக்கும். சொட்டு விட்டு, கண் பாப்பாவை அகல விரித்து, உள்ளே பார்க்கிறவர்தான் இதைச் சொல்ல முடியும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்திலிருந்து, இதே போல 1 கிலோ சொச்சத்தில் பிறந்த ஒரு பையன் தேறி வீட்டுக்குப் போனான். எட்டு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கொழுகொழுவென்று இருந்தான். அவன் அம்மா கிலுகிலுப்பையை ஆட்டினாள், சத்தம் வந்த பக்கம் டக்கென்று திரும்பினான். நான் டார்ச் அடித்தேன், திரும்பவில்லை. இரண்டு கண் பாப்பாவும் வெள்ளையாக இருந்தன. "எப்போ வரணும்னு யாரும் சொல்லலையேம்மா" என்றாள். டிஸ்சார்ஜ் தாளைப் பிரித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தோம். ஏழாவது வரியில், இங்கிலீஷில், என் கையெழுத்தில். அன்றிலிருந்து கண் பரிசோதனைத் தேதியைத் தனித் தாளில், தமிழில், கிழமையோடு, 'போகாவிட்டால் பார்வை போகலாம்' என்ற காரணத்தோடு எழுதி அம்மாவின் கையில் கொடுக்கிறேன். உங்களுக்கு அந்தத் தாளைக் கொடுக்க அங்கே ஆள் இல்லை போலிருக்கிறது. இதையே அந்தத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குடம்.

தண்ணீர் தூக்கியதால் இது வரவில்லை. கர்ப்பத்தில் பி.பி. ஏறுவது நஞ்சுக்கொடி கருப்பையில் ஒட்டி வேர்விடும் முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிற கோளாறு. குடம் உங்கள் இடுப்பில் ஏறும் முன்பே அது ஏறிவிட்டது. 30 வாரத்தில் எடுத்தது உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்ற எடுத்த முடிவு. இன்னும் வைத்திருந்தால் உங்களுக்கு வலிப்பு வந்திருக்கலாம், அவளுக்கு உள்ளேயே மூச்சு நின்றிருக்கலாம். வடசென்னையில் குறைமாதத்தில் பெற்ற ஒவ்வொரு பெண்ணும் குடத்தையோ, பப்பாளியையோ, கிரகணத்தையோ சொல்லி என்னிடம் அழுதிருக்கிறாள். ஒரு அப்பாகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பழி எப்போதும் பெற்றவள் தலையில்தான் விழுகிறது. இதை உங்கள் வீட்டுக்காரரும் படிக்கட்டும்.

நீங்கள் என்ன கெடுதல் செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். என்ன நல்லது நடந்தது என்று நான் சொல்கிறேன். அந்த நாலு ஊசி டெக்சாமெதசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்று. குழந்தையின் நுரையீரலை வேகமாக முதிர வைக்கிற மருந்து. இந்த வகை ஊசியால் பலன் உண்டு என்று 1972-இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் காட்டினார்கள். அது நுரையீரலுக்கு மட்டுமல்ல, மூளையில் ரத்தம் கசிவதையும் குறைக்கிறது. உங்கள் மகளின் கசிவு முதல் நிலையோடு நின்றதில் அந்த ஊசிக்கும் பங்கு இருக்கும். 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். 34 வாரம், 2 கிலோவுக்கும் மேல். உங்கள் மகளைவிட நான்கு வாரம் மூத்தவன், ஏறக்குறைய இரட்டிப்பு எடை. நுரையீரல் விரியாமல் இரண்டே நாளில் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுக்குக் கிடைக்காத ஊசி நம் தண்டையார்பேட்டைப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை வருவது இதை நினைத்தால்தான்.

'கங்காரு மாதிரி நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தே இருந்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்தே இருந்ததுதான் சிகிச்சை. கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1978-இல் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதாமல் தொடங்கிய வழக்கம் அது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தால் சாவு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. நீங்கள் பாலாடையில் 10 மில்லி, 12 மில்லி என்று பீச்சிய பாலை ஊற்றினீர்களே, அதுவும் அப்படித்தான். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகிற ஒரு கொடிய நோய் இருக்கிறது. தாய்ப்பால் அதற்குப் பெரிய தடுப்பு. அவளுக்கு அது வராமல் போனதில் உங்கள் பால் இருக்கிறது.

சரி, எதிர் வீட்டுக் குழந்தை.

உங்கள் மகள் பிறந்து 24 வாரம். ஆனால் அவள் 10 வாரம் முன்னால் வந்துவிட்டாள். 24-இல் 10 போனால் 14. அவளுடைய கணக்கு வயது 14 வாரம், மூன்று மாதமும் கொஞ்சமும். தலை நிற்கிறதா, குப்புற விழுகிறாளா, உட்காருகிறாளா என்று எதைப் பார்த்தாலும், எடை உயரத்தைப் பார்த்தாலும், இந்த 14 வாரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இதே கணக்குதான். எதிர் வீட்டுக் குழந்தை ஐந்தரை மாதக் குழந்தை, உங்களுடையது மூன்றேகால் மாதக் குழந்தை. மூன்றேகால் மாதத்தில் யாருக்கும் தவழ வராது. அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பது, ஆளைக் கண்ணால் தொடர்வது, 'ங்க்கா' என்று பேசுவது, குப்புறப் போட்டால் தலையை நிமிர்த்திப் பார்ப்பது, இவைதான் இந்த வயதுக்கு. முதல் மூன்றும் செய்கிறாள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. தலை முழுதாக நிற்க நாலு மாதம் ஆகும். இன்னும் நேரம் இருக்கிறது. தினமும் விழித்திருக்கும்போது உங்கள் மடியிலோ பாயிலோ நாலைந்து தடவை, சில நிமிடம், குப்புறப் போட்டு எதிரே நீங்கள் படுத்துப் பேசுங்கள். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதிகம்.

ஆனால் கால்.

உங்கள் மாமியார் பலம் என்று பார்ப்பதை நான் விறைப்பு என்று பார்க்கிறேன். மூன்று மாதக் குழந்தையைப் பிடித்து நிறுத்தினால் கால் துவள வேண்டும், அல்லது கொஞ்சம் உந்திவிட்டு மடங்க வேண்டும். நுனிக்காலில் கட்டை மாதிரி நிற்பது தசை இறுக்கம். பயந்துவிடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த பல குழந்தைகளுக்கு மூன்றாம் மாதத்தில் இந்த இறுக்கம் வந்து, ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் தானாகப் போய்விடுகிறது. ஆனால் பெருமூளை வாதத்தின் முதல் அறிகுறியும் இதே முகத்தோடுதான் வரும். இரண்டையும் வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. டயாபர் மாற்றும்போது தொடை இரண்டும் எளிதாக விரிகிறதா, கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறதா, இரண்டு கையையும் ஒரே மாதிரி திறக்கிறாளா, ஒன்றை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருக்கிறாளா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறதா என்று ஒரு வாரம் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். இதற்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. கணக்கு வயது மூன்று மாதம் முதல் ஐந்து மாதத்துக்குள், மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் ஓயாத சின்னச் சின்ன நெளிவுகள் தெரியும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர் பல்லாண்டு பார்த்துப் பார்த்துச் சொன்னது. அந்த நெளிவுகள் இருந்தால் பெருமூளை வாதம் வருவதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. இல்லாவிட்டால் உடனே பயிற்சி தொடங்க வேண்டும். ஐந்து மாதம் தாண்டினால் இந்தப் பரிசோதனையே செய்ய முடியாது. உங்கள் செல்போன் போதும். குழந்தை பால் குடித்து, விழித்து, அழாமல் இருக்கும் நேரத்தில், ஜட்டியோடு மட்டும் பாயில் மல்லாக்கப் போடுங்கள். போனை அவள் மேலே, முழு உடம்பும் தெரிகிற மாதிரி பிடித்து மூன்று நிமிடம் எடுங்கள். யாரும் பேச வேண்டாம், கிலுகிலுப்பை வேண்டாம், வாயில் ரப்பர் வேண்டாம். மின்விசிறிக் காற்றில் ஆடுகிற தொட்டில் துணியும் படத்துக்குள் வரக் கூடாது. அதைக் கொண்டுபோய்க் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் 'டி.இ.ஐ.சி.' என்று கேட்டால் வழி சொல்வார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக அரசு வைத்திருக்கும் மையம் அது. காசு கிடையாது.

வாக்கர் வாங்க வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் வேண்டாம், இவளுக்கு நிச்சயமாக வேண்டாம். நுனிக்காலில் தள்ளும் பழக்கத்தை அது இன்னும் கெட்டிப்படுத்தும்.

தலை ஸ்கேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ரத்தக் கசிவு' என்ற சொல்தான் உங்களைத் தூங்க விடவில்லை என்று தெரிகிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களின் மூளைக்குள் மிக மெல்லிய நாளங்கள் நிறைந்த ஓர் இடம் இருக்கிறது. பிறந்த முதல் மூன்று நாளில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே அங்கே கசிந்துவிடும். அதை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலை அந்த இடத்துக்குள்ளேயே நின்றுபோனது, பெரும்பாலும் கரைந்துவிடும். மூன்றும் நாலும்தான் கவலைப்பட வேண்டியவை. ஆனாலும் மாதம் ஒரு தடவை தலைச் சுற்றளவை அளந்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். டேப் ஒன்று போதும், ஒரு நிமிட வேலை. கேட்காவிட்டால் பல இடங்களில் அளக்க மறந்துவிடுகிறார்கள்.

காது பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'ஓ.ஏ.இ. பாஸ்' என்று மட்டும் இருந்தால் போதாது. 42 நாள் ஐ.சி.யு.வில் இருந்து, மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் கிடந்து, ஆன்டிபயாடிக் ஏறிய குழந்தைக்கு 'பெரா' பரிசோதனை தேவை. ஓ.ஏ.இ. காதின் உள்ளறை வரைதான் பார்க்கும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பெராதான் பார்க்கும். தலையில் ஒயர் ஒட்டுவார்கள், தூங்கும்போது எடுப்பார்கள், வலிக்காது. காது கேளாமை ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிட்டால் கருவி வைத்து, பேச்சும் வந்துவிடும். தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட்கூடச் செய்கிறார்கள்.

சொட்டு மருந்தை இன்றைக்கே கேட்டுத் திரும்பத் தொடங்குங்கள். அது இரும்புச் சத்து. மலம் கறுப்பாகப் போவது இரும்பின் நிறம்தான், கெடுதல் இல்லை. அம்மாவின் உடம்பிலிருந்து குழந்தைக்கு இரும்பு போய்ச் சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். உங்கள் மகள் அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டு வந்தவள், கையிருப்பு இல்லாமல் பிறந்தவள். ரத்தம் குறைந்தால் எடையும் ஏறாது, மூளை வளர்ச்சியும் தடைபடும். ஒரு வயது வரை கொடுக்க வேண்டியிருக்கும். எடை கூடக் கூட அளவும் கூடும் என்பதால் பழைய அளவையே ஊற்றாமல் இன்றைய எடையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். வைட்டமின் டி சொட்டும் நின்றிருந்தால் அதுவும்.

தடுப்பூசிக்கு மட்டும் கணக்கு வயது கிடையாது. பிறந்த தேதிதான். 6, 10, 14 வாரம் என்று மூன்று தடவை இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். எடை குறைவு என்று தள்ளிப்போடுவது தலைகீழான கணக்கு. கக்குவான் இருமலும் நிமோனியாவும் முதலில் தேடிப் பிடிப்பது இந்தச் சின்ன நுரையீரலைத்தான். வருகிற புதன்கிழமை பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு போங்கள். முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அடுத்த பகுதியை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, வணக்கம். நீங்கள் இல்லாவிட்டால் இந்தக் குழந்தை 5 கிலோ ஆகியிருக்காது. மருமகள் ஆபரேஷன் வலியோடு ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தபோது மூன்று வேளையும் சோறு கட்டிக்கொண்டு வந்தது நீங்கள் என்று எழுதியிருக்கிறாள். உங்களிடம் மூன்று உதவி கேட்கிறேன். ஒன்று சாம்பிராணி. குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, தலைமுடி காயப் புகை காட்டுவது நம் வீடுகளில் பாசத்தோடு செய்கிற காரியம் என்று எனக்குத் தெரியும், என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் இவள் மூக்கில் குழாய் வைத்து, மருந்து உள்ளே ஊற்றி விரிய வைத்த நுரையீரல் இது. இதன் குழல் ஊசி முனை அளவு. கொஞ்சம் புகை பட்டாலும் உள்ளே வீங்கிச் சுருங்கிக்கொள்ளும். அதுதான் நீங்கள் 'நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, கர்கர்னு சத்தம் வருது' என்று சொல்வது. மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தாலே முடி காய்ந்துவிடும். கொசுவர்த்தி வேண்டாம், கொசுவலை போடுங்கள். வீட்டில் பீடி சிகரெட் பிடிக்கிறவர் படியிறங்கித் தெருவுக்குப் போய்ப் பிடிக்கட்டும், சட்டையை மாற்றிக்கொண்டு தூக்கட்டும். எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகையை நீங்களும் நானும் இன்றைக்கே நிறுத்த முடியாது. அதனால்தான் வீட்டுக்குள் இருக்கிற புகையையாவது நிறுத்தச் சொல்கிறேன்.

இரண்டாவது, தொக்கு எடுக்கக் கொண்டுபோகாதீர்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வந்த நிமோனியாவை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் ஆறாது. மூன்றாவது, கஞ்சி. தலை நிற்காத குழந்தைக்கு ராகிக் கஞ்சியும் வேண்டாம், பசும்பாலும் வேண்டாம். தாய்ப்பால் போதும். தலை நின்று, தட்டைப் பார்த்து வாயைத் திறக்கும்போது அவளே சொல்வாள், அப்போது டாக்டரைக் கேட்டுவிட்டு உங்கள் கையாலேயே ஊட்டுங்கள்.

"ஏழு மாசத்துப் புள்ள பொழைக்கும், எட்டு மாசத்துப் புள்ள பொழைக்காது" என்று சொன்னீர்களாம். இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை, பழைய கிரேக்க வைத்தியத்திலும் இருந்தது. உண்மை நேர்மாறு. கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடக் கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம், அடுத்த வீட்டில் யாருக்காவது எட்டாம் மாதம் வலி வந்தால் 'இது தங்காது' என்று யாரும் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போய்விடக் கூடாது.

தங்கைக்கு மறுபடி. மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பூத்தால், பால் குடிக்க மறுத்தால், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே குறைமாதக் குழந்தை என்று சொல்லுங்கள். முதல் இரண்டு குளிர்காலம்தான் கடினம். சாதாரண சளியே இவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வைக்கலாம். அப்படி நடந்தால் அதுவும் உங்கள் தவறில்லை.

மற்றக் குழந்தைகள் மாதிரி வளர்வாளா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். 30 வாரத்தில் பிறந்து, பெரிய கசிவு இல்லாமல் வீடு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். அதில் சிலருக்கு ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பில்தான் சின்னத் தடங்கல்கள் தெரியும். கணக்கு வராது, ஓர் இடத்தில் உட்கார முடியாது, எழுத்து கோணும். சோம்பேறி என்று அடிப்பார்கள். அந்த நாள் வந்தால், இவள் 1 கிலோ 200 கிராமில் பிறந்தவள் என்று டீச்சரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் தாளைப் பள்ளி வயது வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது அதற்காகவும்தான். கண்ணாடி தேவைப்படுவதும் மாறுகண்ணும் இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் என்பதால், கண் சரி என்று இப்போது சொல்லிவிட்டாலும் ஒரு வயதில் மறுபடி காட்ட வேண்டும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.பி. இறங்கிவிட்டதா என்று பார்த்தீர்களா? பிரசவம் முடிந்ததும் தாயின் அட்டையை மூடிவிடுகிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் அதே புதன்கிழமை உங்கள் கையிலும் பட்டை கட்டி அளக்கச் சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்கு ஒன்றரை வருடமாவது இடைவெளி வேண்டும். அப்போது நாள் தள்ளிப்போன உடனேயே மருத்துவரிடம் போய், 'போன தடவை பி.பி. ஏறி 30 வாரத்தில் எடுத்தார்கள்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாலாம் மாதம் முடியும் முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு குறைகிறது. அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இப்போது புறப்படுவதைப் பற்றி. உங்களுக்குப் பக்கத்திலேயே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் இருக்கின்றன, வளர்ச்சியையும் காதையும் பற்றி முதலில் அங்கே கேளுங்கள். கண்ணுக்கு, எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-இல் தொடங்கியது, நாட்டிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். காலையிலேயே போய்விடுங்கள், சொட்டு விட்டுக் கண் பாப்பா விரிய நேரம் பிடிக்கும். பரிசோதனைக்குச் சற்று முன்னால் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள், கண்ணைத் திறந்து பிடிக்கும்போது அழுது கக்கிவிடுவாள். முடிந்ததும் அங்கேயே கொடுங்கள். கண் வெளிச்சத்தில் கூசும், முகத்தில் நிழல் படும்படி முந்தானையை மறைத்துப் பிடியுங்கள், மூடிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் தாள், தலை ஸ்கேன், தடுப்பூசி அட்டை, முன்பு பார்த்த கண் டாக்டர் எழுதிய சீட்டு, நாலையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். திரும்பும் முன் அந்தச் சீட்டில் 'குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன' என்று எழுதியிருக்கிறதா, அல்லது அடுத்த தேதி எழுதியிருக்கிறதா என்று நர்ஸைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டில் எது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.